அறிவித்த வரியிலேயே மதிப்புக் கொடுத்தும் கன்ஸ்ட்ரக்டருக்குள் மாறி காலியாக இருப்பது ஏன்?

வைகைக்கரை · வெள்ளி, இரவு 9:12

வணக்கம். ஜாவாவில் வேலை பார்க்கத் தொடங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. கன்ஸ்ட்ரக்டர், அதாவது புதுப் பொருள் ஒன்றின் தொடக்க மதிப்புகளை அமைக்கும் பகுதி, எப்படி ஓடுகிறது என்று தெரியும் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். இந்த வாரம் வந்த ஒரு பிழை எனக்குப் பிடிபடவே இல்லை.

அலுவலகக் குறியீட்டை அப்படியே இங்கே ஒட்டக் கூடாது. அதனால் சுருக்கி, எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் போடுகிறேன்.

அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ் அறிக்கை {
    அறிக்கை() {
        தயார்செய்();
    }
    அப்ஸ்ட்ராக்ட் வாய்ட் தயார்செய்();
}

கிளாஸ் விற்பனைஅறிக்கை எக்ஸ்டெண்ட்ஸ் அறிக்கை {
    லிஸ்ட் வரிகள் = நியூ அர்ரேலிஸ்ட்();

    வாய்ட் தயார்செய்() {
        வரிகள்.ஆட்("தலைப்பு");
    }
}

நியூ விற்பனைஅறிக்கை() என்று அழைத்ததுமே நல்பாயிண்டர் எக்ஸெப்ஷன், அதாவது "நல்" (எந்தப் பொருளையும் காட்டாத வெற்று மதிப்பு) ஆக இருக்கும் மாறியைப் பயன்படுத்திய பிழை. பிழை காட்டும் இடம் வரிகள்.ஆட் என்ற வரி. அதற்கு மேலேயே வரிகளுக்குப் புது லிஸ்ட் ஒன்றைக் கொடுத்திருக்கிறேனே, அது எப்படி "நல்" ஆக இருக்கும்?

அன்றைய வேலை முடியட்டும் என்று தயார்செய்() உள்ளே ஒரு சோதனை வைத்தேன்: வரிகள் "நல்" என்றால் அங்கேயே ஒரு லிஸ்ட்டை உருவாக்கு. எக்ஸெப்ஷன் போய்விட்டது. ஆனால் அச்சான அறிக்கையில் தலைப்பு வரியைக் காணவில்லை. டீபக்கரில் (நிரலை நடுவில் நிறுத்தி உள்ளே பார்க்கும் கருவி) பார்த்தேன். தயார்செய்() முடியும்போது லிஸ்ட்டில் ஒரு வரி இருக்கிறது. பொருள் உருவாகிக் கைக்கு வந்த பிறகு பார்த்தால் லிஸ்ட் காலி. நடுவில் யாரும் கிளியர் செய்யவில்லை, முழுத் திட்டத்திலும் தேடிவிட்டேன். யாராவது விளக்க முடியுமா?

---

கடலோடி · வெள்ளி, இரவு 9:40

தாய் வகுப்பின் (உங்கள் அறிக்கை) கன்ஸ்ட்ரக்டர்தான் முதலில் ஓடும். அது முடிந்த பிறகே சேய் வகுப்பின் (விற்பனைஅறிக்கை) மாறிகளுக்கு மதிப்பு வரும். நீங்கள் அந்த இடைவெளிக்குள் போய் மாறியைத் தொடுகிறீர்கள். ஒரு கேள்வி: டீபக்கரில் அந்த இரண்டு லிஸ்ட்டும் ஒரே லிஸ்ட்தானா? பக்கத்தில் ஒரு அடையாள எண் காட்டுமே, பாருங்கள்.

---

வைகைக்கரை · வெள்ளி, இரவு 9:58

பார்த்தேன். எண் வேறு வேறு! இரண்டு லிஸ்ட்கள். முதலாவது எங்கே போனது என்றுதான் இப்போது குழப்பம்.

---

பைட்கோட் · வெள்ளி, இரவு 10:31

குழப்பம் வந்தது நல்லதுதான் தம்பி. சரியான இடத்தில் நிற்கிறீர்கள். ஜேடிகே-யோடு (ஜாவா நிரல் எழுதுவதற்கான கருவித் தொகுப்பு) ஜாவாபி என்று ஒரு கருவி வரும். கம்பைல் ஆன விற்பனைஅறிக்கை வகுப்பின் மேல் அதை -சி என்ற தேர்வோடு ஓட்டிப் பாருங்கள். நான் கீழே சொல்வதெல்லாம் அங்கே வரிவரியாகத் தெரியும்.

நியூ என்று நாம் எழுதுவது ஒரே சொல். உள்ளே நடப்பது இரண்டு வேலை. முதலில் "நியூ" என்ற பைட்கோட் (கம்பைல் ஆன ஜாவாக் குறியீடு) கட்டளை, பொருளுக்கான நினைவகத்தை மட்டும் ஒதுக்குகிறது. அந்த நினைவகம் முழுவதும் சுழியம்: எண்கள் 0, பூலியன் ஃபால்ஸ், ரெஃபரன்ஸ்கள் "நல்". இந்த நொடியிலேயே பொருள் இருக்கிறது, அதன் வகையும் தீர்மானமாகிவிட்டது. உங்கள் கதையில் அது விற்பனைஅறிக்கை. அப்புறம்தான் "இன்வோக்ஸ்பெஷல்" என்ற கட்டளை கன்ஸ்ட்ரக்டரை அழைக்கிறது. பைட்கோடில் கன்ஸ்ட்ரக்டருக்கு <இனிட்> என்று பெயர்.

நீங்கள் விற்பனைஅறிக்கைக்குக் கன்ஸ்ட்ரக்டர் எழுதவில்லை, கம்பைலர் எழுதிக்கொள்கிறது. அதில் முதல் வேலை தாயின் <இனிட்>-ஐ அழைப்பது. "லிஸ்ட் வரிகள் = நியூ அர்ரேலிஸ்ட்()" என்று அறிவித்த இடத்தில் எழுதினீர்கள் அல்லவா, அந்தச் சமக்குறி வரி அங்கே ஓடுவதில்லை. கம்பைலர் அதைத் தூக்கி, கன்ஸ்ட்ரக்டருக்குள் சூப்பர் அழைப்புக்கு அடுத்தபடியாக வைத்துவிடுகிறது. ஆக, உண்மையில் ஓடுவது இதுதான்:

விற்பனைஅறிக்கை() {
    சூப்பர்();
    வரிகள் = நியூ அர்ரேலிஸ்ட்();
}

இப்போது உங்கள் பிழையை நடத்திப் பாருங்கள். சூப்பர்() உள்ளே தயார்செய்() அழைக்கப்படுகிறது. பொருளின் வகை விற்பனைஅறிக்கை என்பதால் அதன் தயார்செய்() ஓடுகிறது. வரிகளுக்கு இன்னும் யாரும் மதிப்புக் கொடுக்கவில்லை. எக்ஸெப்ஷன்.

நீங்கள் வைத்த "நல்" சோதனை என்ற ஒட்டுக்குப் பிறகு நடந்தது: தயார்செய்() ஒரு லிஸ்ட் உருவாக்கி, தலைப்பைச் சேர்த்தது. சூப்பர்() முடிந்தது. அடுத்த வரி ஓடி, வரிகளில் புது லிஸ்ட்டை வைத்தது. தலைப்பு இருந்த முதல் லிஸ்ட்டை இப்போது யாரும் பிடித்திருக்கவில்லை, கார்பேஜ் கலெக்டருக்குப் போய்விட்டது. அதைத்தான் இரண்டு எண்களாகப் பார்த்தீர்கள்.

உங்கள் ஒட்டு, எக்ஸெப்ஷனைவிட மோசமானது. எக்ஸெப்ஷன் இடத்தையாவது காட்டிக் கொடுத்தது. இது சத்தமில்லாமல் தரவைத் தொலைத்தது.

---

வைகைக்கரை · வெள்ளி, இரவு 11:20

ஜாவாபி ஓட்டிப் பார்த்தேன் அண்ணா. நீங்கள் சொன்ன வரிசை அப்படியே இருக்கிறது. ரொம்ப நன்றி.

ஆனால் இதனால் இன்னொரு புதிர் வந்திருக்கிறது. எங்கள் குழுவில் இதே தாயிலிருந்து வந்த இன்னும் சில வகுப்புகள் இருக்கின்றன. அவற்றிலும் தயார்செய்() மாறிகளைத் தொடுகிறது, ஆனால் பிழையே வருவதில்லை. ஒன்றில் மாறி வெறுமனே "லிஸ்ட் வரிகள்;" என்று இருக்கிறது, லிஸ்ட்டைத் தயார்செய்() உருவாக்குகிறது. இன்னொன்றில் "ஃபைனல் ஸ்ட்ரிங் பெயர் = "மாத இருப்பு";" என்று இருக்கிறது. அது தயார்செய்() உள்ளேயே சரியாக "மாத இருப்பு" என்று அச்சாகிறது. உங்கள் விளக்கப்படி அது "நல்" அல்லவா?

---

பைட்கோட் · சனி, காலை 7:05

இரண்டும் அருமையான கேள்வி.

முதலாவது எளிது. சமக்குறி இல்லை என்றால் சூப்பர்() முடிந்த பின் அழித்து எழுத எந்த வரியும் இல்லை. தயார்செய்() வைத்தது நிலைத்துவிடுகிறது. அந்த வகுப்பு சரியாக எழுதப்பட்டதால் தப்பவில்லை, தற்செயலாகத் தப்பியிருக்கிறது. நாளைக்கு யாராவது "சுத்தம் செய்கிறேன்" என்று அந்த வரியை "லிஸ்ட் வரிகள் = நல்;" என்று மாற்றினால் போதும், லிஸ்ட் போய்விடும். "லிஸ்ட் வரிகள்;" என்பதும் "லிஸ்ட் வரிகள் = நல்;" என்பதும் ஒன்றுதான் என்று எல்லாரும் சொல்வோம். இந்த ஓர் இடத்தில் ஒன்றல்ல. முன்னது ஒன்றும் செய்யாது, பின்னது சூப்பர்() முடிந்த பிறகு ஓடும் ஒரு கட்டளை. எண்ணுக்கும் இதே கதைதான்: "இன்ட் எண்ணிக்கை;" "இன்ட் எண்ணிக்கை = 0;" இரண்டையும் மாற்றி மாற்றிச் சோதித்துப் பாருங்கள்.

இரண்டாவது கொஞ்சம் நுட்பம். ஃபைனல் மாறி, அதன் மதிப்பு கம்பைல் நேரத்திலேயே தெரியும் ஸ்ட்ரிங் அல்லது எண். இப்படி இருந்தால் ஜாவா அதை மாறிலி என்று எடுத்துக்கொள்கிறது. அந்தப் பெயரைப் பயன்படுத்தும் இடங்களில் எல்லாம் கம்பைலர் மதிப்பையே நேராக எழுதிவிடும். தயார்செய்() உள்ளே ஓடும்போது பொருளின் மாறி படிக்கப்படுவதே இல்லை. அதே ஸ்ட்ரிங்கின் பின்னால் .ட்ரிம்() என்று ஒட்டிப் பாருங்கள். இனி அது மாறிலி இல்லை, உடனே "நல்" வரும். ஃபைனல் என்று போட்ட மாறி ஒரே பொருளின் வாழ்நாளில் முதலில் "நல்" என்றும் பிறகு வேறு மதிப்பாகவும் தெரியும். "ஃபைனல் மாறாது" என்று படித்தவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். எனக்கும் இருந்தது.

---

அந்திமழை · சனி, காலை 9:30

சி++ பக்கத்திலிருந்து ஒரு பார்வை. இதே குறியீட்டை அங்கே எழுதினால் வேறு நடக்கும். தாயின் கன்ஸ்ட்ரக்டர் ஓடி முடியும்வரை அந்தப் பொருள் தாய் வகையாகவே கருதப்படும். விர்ச்சுவல் அழைப்பு (சேய் மாற்றி எழுதக்கூடிய செயற்கூறின் அழைப்பு) சேய்க்கு இறங்காது, தாயிடமே நின்றுவிடும். சேயின் உறுப்புகள் இன்னும் கட்டப்படவில்லை, கட்டாத வீட்டுக்குள் ஆளை அனுப்புவானேன் என்பது அந்த மொழியின் நிலைப்பாடு. அழைக்கப்படும் செயற்கூறு தாயில் பியூர் விர்ச்சுவலாக (சேய்தான் எழுத வேண்டும் என்று விடப்பட்டதாக) இருந்தால் விளைவு வரையறுக்கப்படாதது. அந்த அழைப்பு வேறொரு செயற்கூறு வழியாகப் போனால், ஜிசிசி (ஒரு சி++ கம்பைலர்)-யில் பெரும்பாலும் "பியூர் விர்ச்சுவல் மெத்தட் கால்டு" என்று சொல்லிவிட்டு நிரல் நின்றுவிடும்.

இந்த எண்ணம் பழையது. பியார்னே ஸ்ட்ரௌஸ்ட்ரப் 1979இல் தொடங்கிய "சி வித் கிளாசஸ்" மொழியில் கன்ஸ்ட்ரக்டருக்கு "நியூ ஃபங்ஷன்" என்றுதான் பெயர். மற்ற உறுப்புச் செயற்கூறுகள் இயங்குவதற்கான சூழலை அமைப்பதே அதன் வேலை என்று அவர் விளக்கியிருக்கிறார். கன்ஸ்ட்ரக்டருக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் பார்த்ததில்லை. சூழல் அமையும் முன்னே அந்தச் சூழலை நம்பும் செயற்கூறை அழைத்தால் என்ன ஆகும் என்பதைத்தான் வைகைக்கரை இந்த வாரம் பார்த்திருக்கிறார்.

அந்த விதத்தில் ஜாவா எடுத்தது தவறான முடிவு என்று நினைக்கிறேன்.

---

பைட்கோட் · சனி, காலை 10:10

இதில் உங்களோடு முழுக்க ஒத்துப்போக முடியவில்லை அந்திமழை. சி++ வழியில் விபத்து குறைவு, சரி. ஆனால் எழுதியவர் எதிர்பார்த்ததும் நடக்கவில்லையே. சேயில் ஓவர்ரைடு செய்திருக்கிறார் (அதே செயற்கூறைத் தன் விதத்தில் மாற்றி எழுதியிருக்கிறார்), அது ஓடாமல் தாயின் வெற்றுச் செயற்கூறு ஓடுகிறது. எக்ஸெப்ஷனும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. ஒன்று பாதி கட்டிய வீட்டுக்குள் ஆளை அனுப்புகிறது, மற்றது ஆள் போகவே இல்லை என்பதைச் சொல்லாமல் விடுகிறது.

சி ஷார்ப் மூன்றாவது வழி எடுத்தது. அங்கே சேயின் அறிவிப்பு வரி மதிப்புகள் தாயின் கன்ஸ்ட்ரக்டருக்கு முன்பே ஓடிவிடும். வைகைக்கரையின் குறியீட்டை அப்படியே சி ஷார்ப்பில் எழுதினால் பிழை வராது. ஆனால் லிஸ்ட்டை அறிவிப்பு வரியில் வைக்காமல் சேயின் கன்ஸ்ட்ரக்டர் உடலுக்குள் உருவாக்கியிருந்தால் அங்கேயும் "நல்" தான்.

---

அந்திமழை · சனி, காலை 10:45

நியாயமான பேச்சு. "தவறான முடிவு" என்றது அதிகம்தான். மூன்று மொழியும் மூன்று விதமாகப் போவதே, இந்த அழைப்பைக் கன்ஸ்ட்ரக்டரில் வைக்கவே கூடாது என்பதற்குப் போதுமான காரணம். கூகுளின் சி++ எழுத்துமுறைக் கையேடும் கன்ஸ்ட்ரக்டருக்குள் விர்ச்சுவல் அழைப்பைத் தவிர்க்கச் சொல்கிறது.

சி++ எழுதுபவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று: உறுப்புகள் கட்டப்படும் வரிசை, கன்ஸ்ட்ரக்டர் தலைப்பில் நீங்கள் எழுதும் பட்டியலின் வரிசை அல்ல. வகுப்பில் அறிவித்த வரிசை. பட்டியலில் முதலில் "அளவு", பிறகு "இடையகம்" என்று எழுதிவிட்டு, வகுப்பில் இடையகத்தை மேலே அறிவித்திருந்தால், இடையகம் இன்னும் மதிப்பில்லாத அளவை வைத்துக் கட்டப்படும். ஜிசிசி-யில் -வால் என்ற தேர்வைப் போட்டால் எச்சரிக்கை வரும். தயவுசெய்து அதைப் போடுங்கள்.

---

வகுப்பறை · சனி, மதியம் 12:20

கல்லூரியில் பொருள்நோக்கு நிரலாக்கம் நடத்துகிறேன். இந்த இழையைப் படிக்கும்போது ஒன்று உறைத்தது. "கன்ஸ்ட்ரக்டர் பொருளை உருவாக்கும்" என்றுதான் முதல் நாளே சொல்லிக் கொடுக்கிறோம். பைட்கோட் காட்டியபடி, அது உருவாக்குவதில்லை. ஏற்கெனவே ஒதுக்கிய இடத்தைக் குடியிருக்கத் தக்கதாக்குகிறது. நான் தமிழில் "ஆக்கி" என்று எழுதுவேன், ஆனால் இந்த வேறுபாட்டை அந்தச் சொல்லும் சொல்வதில்லை.

மாணவர்களிடம் அடிக்கடி பார்க்கும் பிழை ஒன்று: கன்ஸ்ட்ரக்டருக்கு முன்னால் வாய்ட் என்று போட்டுவிடுவார்கள். ஜாவாவில் அது பிழையே இல்லை. வகுப்பின் பெயர் கொண்ட ஒரு சாதாரண மெத்தட் என்று கம்பைலர் ஏற்றுக்கொள்ளும். வேறு கன்ஸ்ட்ரக்டர் இல்லாததால் காலியான ஒன்றைத் தானே போட்டுக்கொள்ளும். மாணவர் எழுதிய வரி ஒன்றுகூட ஓடாது, எல்லா மதிப்பும் 0. ஆய்வகத்தில் ஒரு மணி நேரம் இதில் போகும்.

வகுப்பின் பெயரையே கன்ஸ்ட்ரக்டருக்கு வைப்பது வேறு வகையிலும் தொல்லை கொடுத்திருக்கிறது. பிஎச்பி 4இல் அப்படித்தான் இருந்தது. வகுப்பின் பெயரை மாற்றினால் கன்ஸ்ட்ரக்டர் சத்தமின்றிச் சாதாரண மெத்தடாகிவிடும். 2004இல் வந்த பிஎச்பி 5, __கன்ஸ்ட்ரக்ட் என்று தனிப்பெயர் கொடுத்தது. பழைய வழி 2020இல் பிஎச்பி 8 வந்தபோதுதான் முழுதாக நின்றது.

---

கடலோடி · சனி, மதியம் 1:15

வகுப்பறை அக்கா சொன்ன வேறுபாடு பைத்தானில் கண்ணுக்கே தெரியும். பொருளை உருவாக்குவது __நியூ__, அதற்குள் மதிப்புகளை வைப்பது __இனிட்__. 2001இல் வந்த பைத்தான் 2.2இலிருந்து இரண்டும் தனித்தனியே இருக்கின்றன. நாம் தினமும் எழுதும் __இனிட்__-க்குள் நுழையும்போதே செல்ஃப் என்ற பொருள் தயாராக நிற்கிறது.

பைத்தானில் இன்னொரு விஷயம், தாயின் __இனிட்__ தானாக ஓடாது. சேய் தனக்கென்று ஒன்று எழுதினால், சூப்பர்().__இனிட்__() என்று நாமே அழைக்க வேண்டும். மறந்தால் தாயின் மாறிகள் இருக்கவே இருக்காது, அட்ரிபியூட் எரர். ஆனால் இதனால் ஒரு வசதி உண்டு. வைகைக்கரையின் நிலைமையில் "செல்ஃப்.வரிகள் = []" என்று முதலில் எழுதிவிட்டு, பிறகு சூப்பரை அழைக்கலாம். பிழை தீர்ந்துவிடும். ஜாவாவில் சூப்பருக்கு முன்னால் ஒரு வரிகூட எழுத விடமாட்டார்கள் இல்லையா?

---

பைட்கோட் · சனி, மதியம் 2:02

விடமாட்டார்கள் என்பது பழைய கதை. 2025 செப்டம்பரில் வந்த ஜாவா 25இலிருந்து எழுதலாம். ஜாவா 22இல் முன்னோட்டமாக வந்து, அடுத்த பதிப்புகளிலும் முன்னோட்டமாகவே தொடர்ந்து, 25இல் நிலையான அம்சமானது. சூப்பர்() அழைப்புக்கு முன்னால் அளவுருக்களைச் சோதிக்கலாம், கணக்கிடலாம், நம் வகுப்பின் மாறிகளுக்கு மதிப்பும் வைக்கலாம். அந்த மாறிக்கு அறிவிப்பு வரியில் மதிப்பு இருக்கக் கூடாது, அதுதான் கட்டுப்பாடு. திஸ்-ஐ (கட்டப்பட்டுக்கொண்டிருக்கும் அந்தப் பொருளை) வேறு எதற்கும் தொட முடியாது. மாறியைப் படிக்கவும் முடியாது, மெத்தடை அழைக்கவும் முடியாது.

ஜாவா மெய்நிகர்ப் பொறி இப்படி மதிப்பு வைப்பதை ஏற்கெனவே அனுமதித்துத்தான் வந்தது. தடை மொழியின் விதியில் மட்டுமே இருந்தது.

விற்பனைஅறிக்கை() {
    வரிகள் = நியூ அர்ரேலிஸ்ட்();
    சூப்பர்();
}

இந்த இரண்டு வரி உங்கள் பிழையைத் தீர்க்கும். உங்கள் அலுவலகத்தில் எந்தப் பதிப்பு தம்பி?

---

வைகைக்கரை · சனி, மாலை 4:30

ஜாவா 21 அண்ணா. இப்போதைக்கு மாற்ற மாட்டார்கள். தாய் வகுப்பிலிருந்து 11 சேய்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் தயார்செய்() உண்டு. எப்படித் திருத்துவது நல்லது?

---

நெடுவழி · சனி, மாலை 5:10

எதிர்க்கருத்து ஒன்று சொல்கிறேன். தாயின் கன்ஸ்ட்ரக்டர் சேயின் மெத்தடை அழைப்பது பெரிய நூலகங்களிலேயே இருக்கிறது. ஜாவாவின் திரை நூலகமான ஸ்விங்கில் ஜேலேபிள் கன்ஸ்ட்ரக்டர் அப்டேட்யூஐ() என்பதை அழைக்கும். ஆண்ட்ராய்டில் டெக்ஸ்ட்வியூ தன் கன்ஸ்ட்ரக்டருக்குள்ளேயே எழுத்தை வைக்கும், அப்போது ஆன்டெக்ஸ்ட்சேஞ்ச்டு() அழைக்கப்படும். வசதியான முறை, கவனமாகப் பயன்படுத்தலாம். 11 வகுப்பையும் உடைத்து எழுதத் தேவையில்லை. தயார்செய்() தொடும் மாறிகளுக்கு அறிவிப்பில் மதிப்புக் கொடுக்காதீர்கள் என்று குழுவில் ஒரு விதி வைத்தால் போதும்.

---

குறிஞ்சித்திணை · சனி, மாலை 6:00

நெடுவழி, நீங்கள் சொன்ன டெக்ஸ்ட்வியூவில்தான் நான் அடிபட்டேன். ஆன்டெக்ஸ்ட்சேஞ்ச்டு()-ஐ ஓவர்ரைடு செய்து, எழுத்து எண்ணிக்கையைக் காட்ட என் வகுப்பில் ஒரு லிஸனர் லிஸ்ட் (மாற்றம் நடந்ததும் தெரிவிக்க வேண்டிய பொருள்களின் பட்டியல்) வைத்திருந்தேன். திரை திறந்த கணமே செயலி விழுந்தது. என் கன்ஸ்ட்ரக்டரின் முதல் வரி ஓடும் முன்பே என் மெத்தட் ஓடியிருக்கிறது. அதை எழுதியவர்கள் கவனமானவர்கள்தான். ஆனால் கவனமாக இருக்க வேண்டிய பொறுப்பு, அவர்களின் குறியீட்டைப் பார்க்காத என் தலையில் விழுந்தது. தாய் வகுப்பை எழுதுபவர் வைக்கும் விதியை, சேய் வகுப்பை எழுதுபவர் எங்கே படிப்பார்? குழுவுக்குப் புதிதாக வருபவருக்கு யார் சொல்வார்கள்? காட்லின் மொழியில் இதே போல எழுதினால் ஐடிஇ (குறியீடு எழுதும் செயலி) மஞ்சள் கோடு போட்டு எச்சரிக்கும். மொழியை வடிவமைப்பவர்களே இதை நல்ல பழக்கமாகப் பார்க்கவில்லை.

---

நெடுவழி · சனி, மாலை 6:25

"எங்கே படிப்பார்" என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஒத்துக்கொள்கிறேன்.

---

நெசவு · சனி, இரவு 8:15

இதன் இன்னொரு முகம் இழைகளில் (த்ரெட்: ஒரே நிரலுக்குள் ஒரே நேரத்தில் நடக்கும் தனித்தனி ஓட்டங்கள்) வரும், அது இதைவிடக் கொடுமை. கன்ஸ்ட்ரக்டருக்குள் த்ரெட் ஒன்றைத் தொடங்குவது, அல்லது திஸ்-ஐ ஏதாவது லிஸனர் பட்டியலில் பதிவது. பாதி கட்டிய பொருள் வேறு இழையின் கையில் போய்விடும்.

2004இல் ஜாவா 5 வந்தபோது நினைவக மாதிரியைத் திருத்தி எழுதினார்கள். ஃபைனல் மாறிகளுக்கு ஓர் உறுதி கொடுத்தார்கள்: கன்ஸ்ட்ரக்டர் முடிந்தபின் அந்தப் பொருளைப் பார்க்கும் எந்த இழைக்கும் ஃபைனல் மாறிகளின் சரியான மதிப்பே தெரியும், பூட்டு தேவையில்லை. இந்த உறுதி, திஸ் கன்ஸ்ட்ரக்டர் முடியும் முன் வெளியே கசியாவிட்டால் மட்டுமே. கசிந்துவிட்டால் ஒன்றும் சொல்ல முடியாது. எனக்கு வந்த ஒரு பிழை என் கணினியில் ஒருமுறைகூடத் தெரியவில்லை, சுமை கூடிய சர்வரில் மட்டும் எப்போதாவது வந்தது. கன்ஸ்ட்ரக்டரின் கடைசி வரியில் இருந்த ஸ்டார்ட்() அழைப்புதான் காரணம். கடைசி வரிதானே, எல்லாம் கட்டி முடிந்தாயிற்றே என்று நினைத்திருந்தேன். ஆனால் அந்த வகுப்புக்கு ஒரு சேய் இருந்தது. தாயின் கடைசி வரி, சேய்க்கு நடு வழி.

---

பைட்கோட் · சனி, இரவு 9:00

"தாயின் கடைசி வரி, சேய்க்கு நடு வழி" என்பதை எழுதி வைத்துக்கொள்கிறேன்.

வைகைக்கரை, உங்கள் 11 வகுப்புக்கு மூன்று வழி தெரிகிறது. எனக்குப் பிடித்த வரிசையில் சொல்கிறேன்.

தயார்செய்() என்ன செய்கிறது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பெரும்பாலும் தலைப்பு, நெடுவரிசைப் பெயர் போன்ற தரவை வைப்பதாகத்தான் இருக்கும். அப்படியானால் அது மெத்தடாக இருக்கவே தேவையில்லை. லிஸ்ட்டைத் தாயே வைத்துக்கொள்ளட்டும், சேய் சூப்பர்("தலைப்பு") என்று தரவை மேலே அனுப்பட்டும். தாய்க்குச் சேயைப் பற்றி ஒன்றும் தெரிய வேண்டாம்.

சேயின் நிலையைத் தொட்டே ஆக வேண்டிய வகுப்புகளுக்கு, தாயின் கன்ஸ்ட்ரக்டரில் இருக்கும் தயார்செய்() அழைப்பை எடுத்துவிட்டு, சேயின் கன்ஸ்ட்ரக்டரை பிரைவேட் ஆக்கிவிட்டு ஒரு ஸ்டாடிக் மெத்தட்:

ஸ்டாடிக் விற்பனைஅறிக்கை உருவாக்கு() {
    விற்பனைஅறிக்கை அ = நியூ விற்பனைஅறிக்கை();
    அ.தயார்செய்();
    ரிட்டர்ன் அ;
}

தயார்செய்() ஓடும்போது பொருள் முழுதாகக் கட்டி முடிந்திருக்கும். பாதி நிலையில் அது வெளியே யார் கண்ணிலும் படாது.

மூன்றாவது, அறிக்கையை அச்சிடும் மெத்தட் முதல்முறை ஓடும்போது தயார்செய்()-ஐ அழைப்பது. வேலை செய்யும், ஆனால் "தயாரா இல்லையா" என்று ஒரு பூலியனைக் காலம் முழுக்கச் சுமக்க வேண்டும். வேறு வழி இல்லாதபோது மட்டும்.

உங்களிடம் ஜாவா 21 இருப்பது ஒரு வகையில் அதிர்ஷ்டம். அந்தப் பதிப்பில்தான் கம்பைலருக்கு, பொருள் கட்டி முடியும் முன் திஸ் வெளியே கசிவதைக் காட்டும் "திஸ்-எஸ்கேப்" என்ற எச்சரிக்கை வந்தது. -எக்ஸ்லின்ட்:திஸ்-எஸ்கேப் என்று கொடுத்துக் கம்பைல் செய்யுங்கள்.

---

வகுப்பறை · ஞாயிறு, காலை 8:40

ஒரு சந்தேகம். அளவுரு தவறாக இருந்தால் கன்ஸ்ட்ரக்டரிலேயே எக்ஸெப்ஷன் எறிவது சரியா? மாணவர்கள் கேட்கும்போது சிலர் "கன்ஸ்ட்ரக்டரில் எறியக் கூடாது" என்று படித்ததாகச் சொல்கிறார்கள்.

---

அந்திமழை · ஞாயிறு, காலை 9:25

எறிய வேண்டும் என்பேன். விலை எதிர்ம எண்ணாக வந்தால், அந்தப் பொருள் பிறக்கவே கூடாது. எக்ஸெப்ஷன் எறிந்தால் அழைத்தவர் கையில் பொருள் கிடைப்பதில்லை, அதுதானே நமக்கு வேண்டும்.

"கூடாது" என்ற பேச்சு பழைய சி++ அனுபவத்திலிருந்து வந்திருக்கலாம். கன்ஸ்ட்ரக்டர் நடுவில் எக்ஸெப்ஷன் எறிந்தால், அந்தப் பொருளின் டிஸ்ட்ரக்டர் (பொருள் அழியும்போது ஓடும் செயற்கூறு) ஓடாது. பொருள் முழுதாகப் பிறக்கவில்லை, பிறக்காததற்கு இறுதிச்சடங்கு இல்லை என்பது விதி. அதுவரை கட்டி முடிந்த உறுப்புகளுக்கும் தாய்ப் பகுதிக்கும் மட்டும் டிஸ்ட்ரக்டர் ஓடும். ஆகவே நியூ போட்டு வாங்கிய நினைவகத்தை வெறும் பாயிண்டரில் வைத்துக்கொண்டு, டிஸ்ட்ரக்டரில் விடுவிக்கலாம் என்று இருந்தால், எக்ஸெப்ஷன் வந்ததும் அது கசியும். யூனிக் பாயிண்டரில் வைத்திருந்தால் கசியாது. அது ஓர் உறுப்பு, அது கட்டி முடிந்துவிட்டது, அதன் டிஸ்ட்ரக்டர் கட்டாயம் ஓடும். குற்றம் எக்ஸெப்ஷனுடையது அல்ல, வெறும் பாயிண்டருடையது.

இங்கே ஒரு நுணுக்கம். சி++11இல் ஒரு கன்ஸ்ட்ரக்டர் அதே வகுப்பின் இன்னொரு கன்ஸ்ட்ரக்டரிடம் வேலையை ஒப்படைக்கலாம். ஒப்படைக்கப்பட்டது முழுதாக முடிந்து, அதன் பிறகு வெளி கன்ஸ்ட்ரக்டரில் எக்ஸெப்ஷன் வந்தால் டிஸ்ட்ரக்டர் ஓடும். ஏதாவது ஒரு கன்ஸ்ட்ரக்டர் முழுதாக முடிந்துவிட்டால் பொருள் பிறந்துவிட்டது என்று கணக்கு.

---

வகுப்பறை · ஞாயிறு, காலை 9:50

இதை வகுப்பில் அப்படியே சொல்லலாம். நன்றி அந்திமழை.

---

வைகைக்கரை · செவ்வாய், இரவு 10:05

தாமதத்துக்கு மன்னிக்கவும், வேலை இன்றுதான் முடிந்தது. 11 வகுப்பில் 8 வெறும் தலைப்பு மட்டும்தான் வைத்தன. அவற்றை சூப்பர் அளவுருவாக மாற்றிவிட்டேன், தயார்செய்() அவற்றிலிருந்து போய்விட்டது. மீதி 3-க்கு உருவாக்கு() மெத்தட். என் "நல்" சோதனையையும் எடுத்துவிட்டேன். தலைப்பு வரி அச்சில் வருகிறது.

கம்பைலர் எச்சரிக்கையையும் ஓட்டினேன். அறிக்கைக்குச் சம்பந்தமே இல்லாத இரண்டு வகுப்புகளைக் காட்டியது. ஒன்றில் நெசவு சொன்ன மாதிரியே கன்ஸ்ட்ரக்டருக்குள் லிஸனர் பதிவு. ஆனால் ஓர் இடத்தைக் காட்டவில்லை, அதை நான் கையால்தான் கண்டுபிடித்தேன். பப்ளிக் என்று போடாத, பேக்கேஜுக்குள் மட்டும் தெரியும் ஒரு வகுப்பு. அதிலும் இதே அழைப்பு இருந்தது.

---

பைட்கோட் · செவ்வாய், இரவு 10:40

ஆமாம், அந்த எச்சரிக்கை வெளியே இருப்பவர்கள் எக்ஸ்டெண்ட் செய்யக்கூடிய பப்ளிக் வகுப்புகளை மட்டுமே மனத்தில் வைத்தது. பேக்கேஜுக்குள் இருப்பதை எழுதுபவரே பார்த்துக்கொள்வார் என்று விட்டிருக்கிறார்கள். அந்த வகுப்பை யாரும் எக்ஸ்டெண்ட் செய்யவில்லை என்றால் ஃபைனல் என்று போட்டுவிடுங்கள் தம்பி. நாளைக்கு யாரும் தெரியாமல் சேய் எழுத முடியாது.

---

வைகைக்கரை · செவ்வாய், இரவு 10:52

ஒரு சேய் இருக்கிறது அண்ணா. நாளைக் காலை முதல் வேலை அதுதான்.